பார்த்த கூலி

மீட்டர் போர்ட்டில் எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால் நமது பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். கராஜுக்குப் போவோம். தம்பி ஒருவர் ஸ்கேனரைச் செருகுவார். இலக்கம் ஒன்று வரும். "ஒட்சிசன் சென்சர் போயிட்டு சேர், மாத்தினாச் சரி" என்பார். எல்லாம் ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. "எவ்வளவு வரும்?"

"எப்படித் தெரியும்?" என்று கேட்கிறவர் குறைவு. இந்தப் பதிவு அந்தக் கேட்காத கேள்வியைப் பற்றியது.

ஆசிரியர்மாருக்கு ஏன் கார்க் கதை என்று சிலர் நினைக்கலாம். காலையில் மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரைப் பாடசாலைகளுக்கு ஒரு காரில் நான்கு பேராகப் போய், மாத முடிவில் பெற்றோல் காசைப் பங்குபோடும் ஆசிரியர்களைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்து வந்த வாகனங்களின் விலை நமது சம்பளத்துக்கு எட்டும் விலையா? ஆகவே நாம் ஓட்டுவது பத்து, பதினைந்து வருடப் பழைய வாகனம். அதை இன்னும் பத்து வருடம் ஓட்டவேண்டும். 2022 ஜூன் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதும், பிறகு கியூஆர் காட்டி ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் வாங்கியதும் யாருக்கும் மறந்திருக்காது. எஞ்சின் எவ்வளவு பெற்றோல் குடிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் இந்தச் சின்ன சென்சருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது வீண் வேலை கிடையாது.

சாமான் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுவோம். சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்கலம் படித்த யாருக்கும் இது விளங்கும். புகைக் குழாயில் திருகி வைத்திருக்கும் இந்தச் சென்சரின் நுனியில் சேர்கோனியா என்ற மட்பாண்ட வகைப் பொருள் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் எஞ்சின் புகை. மற்றப் பக்கம் வெளிக்காற்று, அதாவது 21 சதவீதம் ஒட்சிசன். சூடு 300 பாகை செல்சியசைத் தாண்டியதும் இரண்டு பக்க ஒட்சிசனுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஒரு சிறு வோல்ற்றளவாக வெளிப்படுகிறது. புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால், அதாவது பெற்றோல் குறைவாகப் போயிருந்தால், 0.1 வோல்ற்று அளவில் நிற்கும். பெற்றோல் கூடி ஒட்சிசன் தீர்ந்துபோனால் 0.9 வரை ஏறும். எஞ்சின் கம்பியூட்டர் இதைப் பார்த்துப் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும், திரும்பக் கூட்டும். ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறைக் கணக்கைச் சுற்றியே இந்த ஆட்டம் நடக்கிறது. பொஷ் கம்பனியின் இந்தச் சென்சர் 1976இல் வொல்வோ கார்களில் முதலில் வந்தது. கலிபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டத்துக்காக வந்த சாமான். ஈயம் கலந்த பெற்றோல் இதற்கு நஞ்சு. இலங்கையில் அந்த ஈயம் 2002இல்தான் நீங்கியது.

இனி அந்த இலக்கத்துக்கு வருவோம். பி0135 என்று வந்தால் முதலாவது சென்சரைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு. பி0171 என்றால் கலவையில் பெற்றோல் போதவில்லை. பி0420 என்றால் புகையைச் சுத்தமாக்கும் கன்வேர்ட்டரின் வேலை போதவில்லை. மூன்றும் மூன்று வேறு முறைப்பாடுகள். நமது பக்கத்தில் பல இடங்களில் மூன்றுக்கும் ஒரே மருந்துதான்: சென்சரை மாற்று.

பி0171 என்ற இலக்கத்தில் சென்சர் பழுது என்று ஒரு சொல்லும் இல்லை. "புகையில் ஒட்சிசன் கூடக் கிடக்கிறது, நான் பெற்றோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரிவரவில்லை" என்று கம்பியூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். கணிதத்தில் 28 புள்ளி எடுத்த பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை, பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதைச் சொல்லாது. காலையில் சாப்பிடாமல் வருகிறது என்பதையும் சொல்லாது. அதை நாம்தான் தேடவேண்டும்.

நம்மோடு படிப்பிக்கும் ஒருவரின் காருக்கு நடந்ததைச் சொல்கிறோம். பி0171 வந்தது. சென்சர் மாற்றினார்கள். இலக்கத்தை அழித்தார்கள், விளக்கு அணைந்தது. நான்காம் நாள் திரும்ப எரிந்தது. "போட்ட சாமான் சரியில்ல, ஜப்பான் ஒரிஜினல் போடுவம்" என்றார்கள். அதுவும் போட்டாயிற்று. ஒரு கிழமையில் திரும்பவும் அதே விளக்கு. இதற்கிடையில் பெற்றோல் செலவு ஏறிக்கொண்டே போனது. மூன்றாவதாக ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனார். அவர் ஸ்கேனரை எடுக்கவில்லை. "இரவைக்கு காரை இங்க விடுங்க, காலையில ஆறின எஞ்சினை நான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும்" என்றார்.

காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, காதை வைத்து, புகைக் குழாய் எஞ்சினோடு பூட்டும் இடத்தில் "டிக் டிக்" என்ற சத்தத்தைக் கண்டுபிடித்தார். அந்த இடத்துக் கேஸ்கட்டின் ஓரத்தில் கரிக் கோடு ஒன்று ஓடியிருந்தது. அங்கே மெல்லிய வெடிப்பு. எஞ்சின் புகையைத் துடிப்புத் துடிப்பாகத் தள்ளுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் அந்த வெடிப்பால் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. அந்தக் காற்றின் ஒட்சிசனைத்தான் சென்சர் கண்டு சொன்னது. கம்பியூட்டர் அதை நம்பித் தேவையில்லாமல் பெற்றோலைக் கூட்டியது. ஆக, மாற்றிய பழைய சென்சர் பொய் சொல்லவே இல்லை. சூடேறினால் இரும்பு விரிந்து வெடிப்பு ஓரளவு மூடிக்கொள்ளும், சத்தமும் அடங்கிவிடும். பகலில் கொண்டுபோன இரண்டு இடத்திலும் அது யார் காதிலும் விழாததற்குக் காரணம் இதுதான்.

கேஸ்கட் மாற்றினார், விளக்கு அதோடு வரவில்லை. ஆனால் இந்தக் கதையில் நம்மை யோசிக்க வைத்த இடம் அதற்குப் பிறகுதான். பாஸ் சொன்ன கூலியைக் கேட்ட நமது நண்பர், "இந்தச் சின்னக் கேஸ்கட்டுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசினார். இரண்டு சென்சருக்கும் பேரம் பேசாமல் காசு கொடுத்த அதே மனிதர்!

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சாமானுக்குக் காசு கொடுக்க நம் எல்லோருக்கும் மனம் வருகிறது. பெட்டியோடு, லேபலோடு கையில் வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. பார்த்ததற்குக் கொடுக்க மனம் வருவதில்லை. வைத்தியரை சனல் பண்ணிப் போய், "ஒன்றுமில்லை, தண்ணி நல்லாக் குடியுங்க" என்று சொன்னாலும் காசைக் கொடுத்துவிட்டுச் சந்தோசமாக வருகிறோம். கராஜில் ஒருவர் ஒரு மணித்தியாலம் குனிந்து பார்த்து, "சென்சர் நல்லாத்தான் இரிக்கி, இந்த ஹோஸ் கிளிப் லூசு" என்று பூட்டித் தந்தால், "கிளிப்பை இறுக்கினதுக்குக் காசா?" என்கிறோம். இது பற்றி ஒரு கராஜ்காரரிடம் கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: "பார்த்த கூலி கேட்டா ஆள் அடுத்த முறை வாறல்ல சேர். சாமானை மாத்திக் குடுத்தா அதே ஆள் பேசாமத் தந்துட்டுப் போறார்." இந்த நிலையில் அவர் எதைச் செய்வார்? நாம் எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கிறது.

இதைச் சொல்வதால் கராஜ்காரர்களுக்கு விடுதலை கொடுக்கிறோம் என்று நினைக்கவேண்டாம். நல்லாயிருக்கும் சாமானைப் பழுது என்று தெரிந்துகொண்டே கழற்றுவது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். அந்தக் காசில் ஹலால், ஹராம் பார்க்கவேண்டியது அவர்களுடைய பொறுப்பு. ஆனால் நாம் பார்த்த அளவில் வேண்டுமென்று ஏமாற்றுகிறவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு ஸ்கேனர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், வாசிக்கப் பழக்கவில்லை.

எப்படி வாசிப்பது? ஸ்கேனரில் இலக்கத்துக்குப் பின்னால் ஓடும் கணக்குகள் இருக்கின்றன. அதில் ஒன்று பியுவல் ட்ரிம். கம்பியூட்டர் தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெற்றோல் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண். பூச்சியத்தை ஒட்டி நின்றால் சுகம். 20, 25 என்று ஏறிப்போய் நின்றால் எங்கேயோ காற்றுக் களவாகப் போகிறது, அல்லது பெற்றோல் அமுக்கம் குறைந்திருக்கிறது, அல்லது காற்றை அளக்கும் சென்சரில் தூசு படிந்திருக்கிறது. பிளக் ஒன்று ஒழுங்காகத் தீப்பொறி கொடுக்காவிட்டாலும் எரியாத ஒட்சிசன் அப்படியே வெளியே வரும், ஒட்சிசன் சென்சர் அதையும் "பெற்றோல் போதாது" என்றுதான் வாசிக்கும்.

சென்சரைத்தான் சந்தேகிக்கிறோம் என்றால் அதனிடம் கேள்வி கேட்கவேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி 2500 சுற்றில் பிடித்தால், பழைய வகைச் சென்சரின் வோல்ற்றளவு கீழும் மேலுமாக ஓயாமல் ஆடவேண்டும். ஆடாமல் கீழேயே கிடந்தால், பழகிய ஒருவர் காற்று போகும் வழியில் கொஞ்சம் காபரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பார். 0.8க்கு மேல் துள்ளி எழும்பினால் சென்சருக்கு உயிர் இருக்கிறது. பிறகு ஒரு வெற்றிடக் குழாயைக் கழற்றிக் காற்றைக் கூட்டுவார். உடனே கீழே விழவேண்டும். இரண்டு கேள்விக்கும் சுறுக்காகச் சரியான விடை சொன்ன சென்சரைக் கழற்றுவது அநியாயம். விடையே வராவிட்டால், அல்லது மெதுமெதுவாக இழுத்து இழுத்து வந்தால், அப்போது மாற்றுவோம். எல்லாக் கேள்விக்கும் "ஓம் சேர்" என்று மட்டும் சொல்லும் பிள்ளைக்குப் பாடம் தெரியுமா தெரியாதா என்று எப்படிக் கண்டுபிடிப்போமோ, அதே வழிதான் இதுவும். ஹீட்டர் இலக்கம் வந்தால் வேலை இன்னும் லேசு. முதலில் பியூஸ். அடுத்தது பிளக்கைக் கழற்றி மல்ட்டிமீட்டரால் ஹீட்டரின் தடையைப் பார்ப்பது. சில ஓம் காட்டினால் ஹீட்டர் அறுந்திருக்காது. பிறகு வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஹீட்டர் எரிந்துவிட்டது, சென்சர் மாற்றியே ஆகவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நம்மிடம் ஓடும் டொயோட்டாக்கள் பலவற்றில் முன் சென்சர் இந்தப் பழைய வகை கிடையாது. ஏஎஃப் சென்சர் என்பார்கள். அது 3.3 வோல்ற்றை ஒட்டி அமைதியாக நிற்கும். பழைய வகைக்கு நேர்மாறாக, பெற்றோல் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும். சில ஸ்கேனரில் அதே அளவு ஐந்தால் வகுபட்டு 0.66 என்று தெரியும். "ஆடவே இல்லை, செத்துப்போச்சு" என்று நல்ல சென்சரைக் கழற்றி எறிவது இங்கேதான் நடக்கிறது. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்டில் நிறுத்தி வைத்தால் எஞ்சினே அணைந்துவிடும். அதை ஓடவைத்துப் பார்க்கத் தனி முறை இருக்கிறது, அது தெரிந்தவரிடம்தான் போகவேண்டும்.

நமது வாவிக்கரைக்கென்று தனியாகச் சில தொல்லைகள் உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாம். உப்புக் காற்றில் வயர் பிளக்குகளுக்குள் பச்சை பூத்துவிடுகிறது. மாரியில் தெரு நிறையத் தண்ணீர். சூடேறிய சென்சரில் அந்தத் தண்ணீர் அடித்தால் உள்ளே உள்ள மட்பாண்டம் வெடிக்கக்கூடும். கார் நின்ற இடத்தில் எலி வயரைக் கடித்த கதைகள் தனி. தண்ணீர் பட்ட பிளக்கைக் காப்பாற்ற நமது ஆட்கள் செய்யும் வைத்தியம், கிறீஸ் அப்புவது. இதை நிறுத்தவேண்டும். சென்சருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும் என்று மேலே சொன்னோமே, பல சென்சர்களில் அந்தக் காற்று வயரின் இழைகளுக்கு இடையால்தான் உள்ளே போகிறது. கிறீஸ் அப்பினால், ஈயம் வைத்து ஒட்டினால், மூச்சு அடைபடும். கேஸ்கட்டுக்குப் பூசும் சில சிலிக்கன் கம் வகைகளின் ஆவியும் சென்சரின் நுனியில் படிந்து அதைக் கொன்றுவிடும். சென்சருக்குப் பாதிப்பில்லாத கம் என்று டியூபிலேயே எழுதி விற்கிறார்கள். எழுத்தை வாசித்து வாங்கினால் போதும்.

"புகை டெஸ்ட் பாஸ் பண்ணிட்டு, பிறகென்ன" என்று சிலர் சொல்வதுண்டு. 2008இலிருந்து வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் கட்டாயம். அங்கே பெற்றோல் வாகனத்தின் குழாயில் கருவியைச் செருகிக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். சென்சரின் சுகதுக்கத்தை விசாரிப்பது அந்தச் சோதனையின் வேலை கிடையாது. இன்னும் சிலர் பி0420 வந்ததும் கன்வேர்ட்டரின் உள்ளே உள்ள தேன்கூட்டைத் தட்டிக் கொட்டிவிட்டு, பின் சென்சரை ஏமாற்ற ஒரு நீட்டுத் துண்டும் பூட்டுகிறார்கள். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய சாமான் அது, யாருக்கு இலாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் புகையைப் பாடசாலை வாசலில் சுவாசிப்பது நமது பிள்ளைகள்தான்.

பிள்ளைகள் என்றதும் நமது பக்கத் தவறும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆசிரியர் சமூகத்தைச் சொல்கிறோம். "படிக்காட்டிக் கராஜுக்குத்தான் போகணும்" என்று வகுப்பில் சாபம் போலச் சொல்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. மேலே சொன்ன வேலையில் இரசாயனம் இருக்கிறது, மின்னியல் இருக்கிறது, ஒரு கருதுகோளை எடுத்துச் சோதித்துத் தள்ளும் விஞ்ஞான முறை முழுதாக இருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இலேயே வந்துவிட்டது. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நைட்டா மூலம் பயிலுநராகச் சேரலாம். கெட்டிக்காரப் பிள்ளை அந்தப் பக்கம் போகக் கேட்டால் வீட்டில் அழுகிறார்கள், நாமும் சேர்ந்து மனதை மாற்றுகிறோம். பிறகு காரைக் கொண்டுபோய், நாமே தாழ்த்தி அனுப்பிய தம்பியிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அடுத்த முறை விளக்கு எரிந்தால் இலக்கத்தை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "என்ன டெஸ்ட் பண்ணி சென்சர் பழுது என்று கண்டீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அதற்கு முன்பே, "பார்த்ததுக்கு உங்கட கூலியைத் தனியாச் சொல்லுங்க நானா, சாமான் மாத்தினாலும் மாத்தாட்டியும் தாறன்" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வசனம் பேச்சின் போக்கையே மாற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். நல்ல பாஸ்மார் அதைக் கேட்டதும் முதலில் கொஞ்சம் முழிப்பார்கள், பிறகு முகம் மலரும்.

மாற்றத்தான் வேண்டும் என்று வந்தால் பழைய சென்சரைக் கராஜிலேயே விட்டுவராமல் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வைத்திருக்க விருப்பமில்லை என்றால் பக்கத்துப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியரிடம் கொடுங்கள். பழைய வகைச் சென்சர் என்றால், அதன் நுனியைக் குறட்டால் பிடித்துச் சுடரில் முழுக மூடிச் சூடாக்கி, சமிக்ஞை வயர்களில் மல்ட்டிமீட்டரை வைத்தால், சாகாத சென்சர் 0.8 வோல்ற்றுக்கு மேல் காட்டும். சுடரை எடுத்ததும் விழுந்துவிடும். ஆசிரியர்தான் செய்து காட்டவேண்டும், நுனி நெருப்பாகச் சுடும். பழுது என்று கழற்றியவற்றில் எத்தனை உண்மையில் பழுது என்பதைப் பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள்.